டோக்கன் அக்கா சிரித்தது

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. மாதம் ஒருமுறை திறப்பார்கள். உள்ளே கிடக்கும் சீட்டுகளில் பாதி, மின்விசிறி ஓடவில்லை என்று இருக்கும். மீதியில் ஒன்றிரண்டு கட்டாயம் மூன்றாம் அறை அம்மாளைப் பற்றியதாக இருக்கும். 'எது கேட்டாலும் டாக்டரைக் கேளுங்கள் என்கிறார். முகத்தை உம்மென்று வைத்திருக்கிறார். கொஞ்சம் சிரித்தால் குறைந்தா போய்விடுவார்?'

பழைய ஊழியர்கள் இதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த அம்மாள் பதினோரு வருஷம் அதே பிரிவின் வாசலில் உட்கார்ந்து வந்தவர் போனவர் எல்லாரிடமும் வாய் நிறையச் சிரித்தவள் என்பது, சீட்டு எழுதிப் போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கட்டு டோக்கன். மைக் வருஷத்தில் பத்து மாதம் வேலை செய்யாது. அவள் குரல்தான் மைக். "நாப்பத்தேழு!" என்றால் கீழ்த்தளத்தில் மருந்து வாங்க நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஜனங்கள் அவளை நினைவில் வைத்துக்கொண்டது சிரிப்புக்காக. ஸ்கேன் எடுக்க யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வயிற்றில் என்ன வளர்கிறதோ, கழுத்தில் என்ன அடைத்திருக்கிறதோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைப் பார்த்து, "ஒண்ணும் இருக்காது, உக்காருங்க" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அதிலேயே பாதி நோய் போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு ஆசை வந்தது. ஊழியர்களிலிருந்தே சிலரை எடுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் படிக்கவைக்கப் போவதாக ஆஸ்பத்திரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த மகள்தான், "எத்தனை வருஷம்மா வாசல்லயே உக்காருவே? உள்ள போ" என்று விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், "உன் அம்மா உள்ள போனா வாசல்ல யாரு கத்துவா?" என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இடம் கிடைத்தது. அவள் நாற்காலியில் மறுநாளே வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பிப் போக வழி கிடையாது என்பது அந்த நாற்காலியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபது இருபத்தொரு வயது. சொல்லிக்கொடுத்தவருக்கே இருபத்தாறுதான். எல்லாரும் சின்ன மேடம் என்பார்கள். அக்காவும் 'மேடம்' என்பாள், மேடமும் அவளை 'அக்கா' என்பார். பார்க்கிறவர்களுக்கு இதில் யார் மாணவி என்று குழப்பமாக இருக்கும்.

வேலை கேட்பதற்கு எளிது. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடைக்குள்ளே தமனியும் சிரையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தமனி ரத்தத்தை இறக்குகிறது, சிரை திருப்பி ஏற்றுகிறது. காலில் ஜெல்லைத் தடவி, புரோப் என்கிற கைக்கருவியை வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். புரோப்பால் அழுத்தினால், நல்ல சிரை ஈரத் துணிபோலத் தட்டையாகி மூடிக்கொள்ளும். உள்ளே கட்டி இருந்தால் மூடாது. தமனி மட்டும், எவ்வளவு அழுத்தினாலும் கொஞ்சம் அசைந்துகொடுத்துவிட்டு வட்டமாகவே துடித்துக்கொண்டிருக்கும். இடுப்பு மடிப்பில் ஆரம்பித்து, இரண்டு விரற்கடைக்கு ஒருதரம் அழுத்தி அழுத்திக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அழுத்துவதற்கு முன் ஒரு படம், அழுத்திய பின் ஒரு படம். இப்படி நாற்பது பேருக்கு எடுத்து, நாற்பதிலும் மேடத்தின் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்.

முதல் மாதம் அவளுக்கு ஒரு வட்டம்தான் தெரிந்தது. எங்கே வைத்தாலும் தமனி இருக்கிறது, சிரையைக் காணோம். இவருக்கு ஆண்டவன் சிரையே வைக்கவில்லையோ என்றுகூட நினைத்தாள். மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நூல் உயர்த்தினார். சிரை பொசுக்கென்று வந்து நின்றது.

"அக்கா, பயத்துல இந்த அமுக்கு அமுக்குறீங்க. அது ஏற்கனவே மூடிக் கிடக்கு. அப்புறம் எங்க தேடுவீங்க?"

வீட்டில் டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு கணவர் தொடையில் மெல்லத் தொடப் பழகினாள். "வால்யூமைக் கொஞ்சம் குறைம்மா, கூசுது" என்று அவர் நெளிவார். மகள் தன் பழைய பென்சில் பெட்டியைக் கொடுத்து, தினம் ஒரு படம் வரையச் சொன்னாள். சிரைக்கு நீலம், தமனிக்குச் சிவப்பு. படிப்பு ஏறாத மண்டையிலும் வரைந்தால் ஏறும் என்பது மகளின் கட்சி. அக்கா ஒரு நோட்டு நிறைய இரண்டிரண்டு வட்டமாக வரைந்து தள்ளினாள். கை லேசாயிற்று.

லேசானதும் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி ஒருநாள் டீ குடிக்கும்போது, "புதுக் கட்டியா இருந்தா, நாம அமுக்கும்போது பிச்சுக்கிட்டு நேரா நுரையீரலுக்குப் போயிடுமாமே. ஒருத்தருக்கு டேபிள்லயே முடிஞ்சுதாம்" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டாள். அவளுக்கு அது கதை. அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மேடத்திடம் கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை. நேரா, மெதுவா, முழுசா அழுத்தினா ஒண்ணும் ஆகாது. அழுத்தாம விட்டாத்தான்க்கா ஆபத்து. கட்டி இருக்கறதே தெரியாம வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

புத்திக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், அந்த மனிதரின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். பன்னிரண்டு பேர், இருபது பேர், முப்பது பேர் ஆகியும் பயம் குறைந்தபாடில்லை. வெளியே தெரியாமல் இருக்க அவளிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுத்துவாள்.

முப்பத்தேழாவது ஆளாக வந்தவர் ஒரு சலூன்காரர். வயது அறுபதை நெருங்கும். படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்துவிட்டு வந்திருந்தார். கட்டைப் பிரித்து நான்கு நாளாயிற்று, இடது கால் வீங்கிக்கொண்டே போகிறது. கட்டிலில் ஏறிப் படுத்தவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ டோக்கன் அக்கால்ல? என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தப்ப வாசல்ல இருந்தே."

"ஆமாண்ணே. இப்ப உள்ள வந்துட்டேன்."

"அப்பச் சரி. தெரிஞ்ச கை."

இதைக் கேட்டதும் அவளுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும், நியாயமாக. பயந்துதான் போனாள். தெரியாத கை என்று நினைத்துக்கொண்டிருப்பவர் எதையும் எதிர்பார்க்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது. மேடம் சின்ன மெஷினை உருட்டிக்கொண்டு கிளம்பினார். "ஆரம்பிச்சுடுங்கக்கா. வந்து ஒரு தடவை நானும் வெச்சுப் பார்த்துடறேன்." வழக்கம் அதுதான். மாணவி முதலில் பார்ப்பாள், பிறகு மேடம் அதே காலை மறுபடி பார்ப்பார்.

இடுப்பு மடிப்பில் சிரை மூடியது. இரண்டு விரல் கீழே மூடியது. அதற்குக் கீழேயும் மூடியது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வந்து அழுத்தியபோது சலூன்காரர், "ஐயோ!" என்று துள்ளினார். அவள் கை பதறிப் பின்வாங்கியது. ஜெல்லில் ஒரு விரற்கடை வழுக்கவும் செய்தது. கட்டி பிய்த்துக்கொண்டு போய்விட்டதோ? அவர் மார்பைப் பார்த்தாள். ஏறி இறங்கியது. திரையைப் பார்த்தாள். சிரை இல்லை. அப்பாடா, மூடிக்கொண்டது. படத்தை நிறுத்திச் சேமித்துவிட்டு, இன்னொரு தரம் அழுத்தத் தைரியம் இல்லாமல் அவசரமாக முழங்காலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே மூடியது.

"என்னம்மா, ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் டாக்டர்தாண்ணே சொல்வாரு." அந்தத் துறையில் இது கண்டிப்பான சட்டம். படம் எடுப்பவர் முடிவு சொல்லக் கூடாது. அவளும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருஷப் பழக்கம், முடிந்ததே என்ற நிம்மதி, இரண்டும் சேர்ந்ததில் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். வாய் நிறைய.

அவர் தலையணையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

மேடம் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், ஒருவர் சண்டையே போட்டுக்கொண்டிருந்தார். மேடம் நின்றபடியே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "மூடுது, மூடுது, மூடுது. நல்லாருக்குக்கா." மறுபடி வைத்துப் பார்க்க நேரமில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். படங்கள் டாக்டருக்குப் போயின. அவரும், ரத்தக்கட்டி தென்படவில்லை என்று எழுதிவிட்டார். சலூன்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் அன்றைய படத்தை வரைய உட்கார்ந்தாள். மூன்றாம் அறையில் யாரும் இல்லை. மெஷினில் முப்பத்தேழாவது ஆளின் படங்களைத் திறந்தாள். அவர் துள்ளிய இடத்தையே வரையலாம் என்று தோன்றியது, ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அழுத்துவதற்கு முன்: ஒரு நீல வட்டம், ஒரு சிவப்பு வட்டம். வரைந்தாயிற்று. அழுத்திய பின்: நீலத்தில் ஒரு தட்டைக் கோடு போட வேண்டும். போட்டாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, தமனி எந்த இடத்தில் இருக்கிறது என்று திரையைப் பார்த்தாள்.

தமனி இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சதை இருந்தது, சாம்பல் நிறக் கோடுகள் இருந்தன. வட்டம் எதுவும் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் மூடாத தமனியே காணோம் என்றால், அவள் அழுத்தவே இல்லை. வழுக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போயிருக்கிறாள். வேறு இடத்தில் சிரை எப்படித் தெரியும்? சிரையே இல்லாத இடத்தைப் படம்பிடித்து, மூடிவிட்டது என்று சேமித்துவைத்திருக்கிறாள்.

சிவப்புப் பென்சில் கையிலேயே இருந்தது. அந்த மனிதர் துள்ளியது எதனால்? வலியால். வலி எதனால்?

முதலில் அவள் செய்தது வீரமான காரியம் ஒன்றும் அல்ல. நோட்டை மூடினாள். ஜெல் பாட்டில்களும் காகித விரிப்புகளும் அடுக்கிய சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். மேடம் பார்த்தாரே. டாக்டர் பார்த்தாரே. இரண்டு படித்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது? இன்னும் மூன்றே பேர், நாற்பது முடிந்துவிடும். வாயைத் திறந்தால் முப்பத்தேழும் போய்விடும். வாசல் நாற்காலியும் இல்லை. மேடமும் மாட்டிக்கொள்வார், வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர். கட்டி இல்லாமலும் இருக்கலாமே. எத்தனை கால் வீங்குகிறது, எல்லாவற்றிலுமா கட்டி இருக்கிறது? இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி தனக்குத்தானே வாதாடினாள். எல்லா வாதத்தின் கடைசியிலும் சலூன்காரர் நின்றுகொண்டு, தெரிஞ்ச கை, என்றார்.

கட்டி இருந்தால் அது நுரையீரலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு யோசனை வந்தது. அதன்பிறகு சாமான் அறையில் நிற்க முடியவில்லை.

மேடம் அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அக்கா நோட்டை அவர் முன்னால் விரித்தாள். "சிவப்பு வரைய முடியலை மேடம்" என்றாள்.

"என்னக்கா?"

"காலைல வந்த சலூன்காரரு. முட்டிக்கு மேல. நான் அழுத்தலை மேடம். வழுக்கிட்டேன். படத்துல ஆர்ட்டரியே இல்லை."

மேடம் கை கழுவாமலேயே எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பத்து வினாடி பார்த்திருப்பார். முகத்தில் ரத்தமே இல்லை. இருபத்தாறு வயது என்பது அப்போதுதான் முகத்தில் தெரிந்தது, அக்காவின் மகளைவிட எட்டு ஒன்பது வயதுதான் கூட.

"நானும் பார்த்தேனே" என்றார். "நின்னுக்கிட்டே பார்த்தேன். மூடுது மூடுதுன்னு சொல்லிக்கிட்டே போனேன்." குரல் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்பர் எடுங்க" என்றார். "நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். மொதல்ல அவரைக் கூப்பிடுங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஆறு முறை அடித்தார்கள். படிவத்தில் சலூன் முகவரி இருந்தது, பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சந்து.

"நான் போறேன் மேடம்."

"நடக்க விடாதீங்க. காலைத் தேய்க்க விடாதீங்க. வண்டி வெச்சுக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு பஸ் நிறுத்தம்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்க அவளால் ஆகவில்லை. கழுத்தில் அடையாள அட்டை ஆட, மதிய வெயிலில் ஓடினாள். நாற்பத்தொரு வயதில் சாலையில் ஓடும் பெண்ணை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கடைவாசலில் கூட்டம் இருக்குமோ, யாராவது அழுதுகொண்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பயந்தாள். சந்து முனையில் நான்கு பேர் கூடி நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் ஒரு பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

சலூனுக்குள் மூன்று நாற்காலி, நீளக் கண்ணாடி, பவுடர் வாசனை. சலூன்காரர் முதல் நாற்காலியில் சாய்ந்து, இடது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். அவருடைய மச்சினர் தரையில் உட்கார்ந்து, கை நிறையத் தைலத்தை ஊற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் கெண்டைக்காலை நோக்கி இறங்குவது கண்ணாடியில் தெரிந்தது.

"கையை எடுங்க!"

கீழ்த்தளம்வரை கேட்கும் குரல் அது. மச்சினர் கை அந்தரத்தில் நின்றது. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"தொடாதீங்க. இதுவரைக்கும் தேய்ச்சீங்களா?"

"இல்லைக்கா, இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சலூன்காரர் எழப் பார்த்தார். "நீங்க எழுந்திரிக்காதீங்கண்ணே!"

"என்னம்மா இது, வீட்ல சொல்லிட்டு வந்தியா? போனை டிராயர்ல போட்டுட்டேன், கத்தி பிடிக்கிற நேரத்துல எடுக்கறதில்லை. என்ன விஷயம்?"

"திரும்ப ஒருதரம் ஸ்கேன் எடுக்கணும். வாங்க, போகலாம்."

"எதுக்கு? அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் சீட்டுல என்னமோ எழுதியிருக்காரு, அதை யாரு படிச்சா. நீதான் சிரிச்சியே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வெறும் சுளுக்குத்தான்னு. இல்லைன்னா தைலம் வாங்குவேனா?"

அவளுக்குக் காது அடைத்தது. பதினோரு வருஷமாக எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அதில் யார் யார் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ. இப்போதும், இந்த நிமிஷமும், அவரைச் சமாதானப்படுத்த உதடு தானாக விரியப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க வலிக்குதுன்னு துள்ளினீங்கள்ல, அந்த இடத்தை நான் சரியாப் பார்க்கலை. பயந்துட்டேன். பார்த்த மாதிரி படம் எடுத்துட்டேன். கட்டி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. சிரிச்சது சும்மா. பழக்கதோஷம்."

மச்சினர் தைலக் கையைத் துணியில் மெல்லத் துடைத்தார். சலூன்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"வண்டியைக் கூப்பிடுடா" என்றார் மச்சினரிடம்.

வண்டியில் அவர் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் அவர் ஒருதரம் இருமினார். அவள் நகம் சீட்டில் பதிந்தது. "தூசும்மா" என்றார். அவர் குரலிலும் இப்போது காலையில் இருந்த தெம்பு இல்லை.

மூன்றாம் அறையில் மேடமும் டாக்டரும் காத்திருந்தார்கள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிற பார்வை. மேடம் புரோப்பை எடுத்து ஜெல் பிதுக்கினார். ஒரு நொடி தயங்கிவிட்டு, புரோப்பை அக்காவிடம் நீட்டினார்.

"எந்த இடத்துல வழுக்குச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே வைங்கக்கா. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

மாட்டேன் என்று சொல்லத் தோன்றியது. வாங்கி வைத்தாள். இரண்டு வட்டங்களும் வந்து நின்றன, சிரை சற்றுப் பெரிதாக, உள்ளே கறுப்புக்குப் பதில் கொஞ்சம் மங்கலாக. தமனி பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. இதை விட்டுவிடாதே, இதன்மேல்தான் கண் இருக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நேராக, மெதுவாக, முழுசாக. அழுத்த ஆரம்பித்தாள்.

அவர் பல்லைக் கடித்து முனகினார். கை பின்வாங்கத் துடித்தது. வாங்கவில்லை. கடவுளே, மூடிக்கொள்ளட்டும், நான் மூன்று தடவை ஃபெயிலாகிறேன், இது மூடிக்கொள்ளட்டும். சதை நசுங்கியது. தமனி அசைந்து கொடுத்தது, வட்டமாகவே நின்றது. அதன் பக்கத்தில் சிரையும் வட்டமாகவே நின்றது.

மூடவில்லை.

"போதும்க்கா" என்றார் மேடம், மிக மெதுவாக. "கையை மெல்ல எடுங்க." டாக்டர் அதற்குள் போனை எடுத்து வார்டில் கட்டிலுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அக்கா கையை எடுத்தாள். அவர் மார்பைப் பார்த்தாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. காலையில் பார்த்த அதே இடத்தை, அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை சிரிக்கலை" என்றார். "சரி. எத்தனை நாள் படுக்கணும்?"

அவள் காலிலிருந்த ஜெல்லை மெல்லத் துடைத்துவிட்டாள்.

பதினொரு நாள் படுத்தார். ஊசி, மாத்திரை, பிழைத்துக்கொண்டார். அக்காவின் முப்பத்தேழு கையெழுத்தையும் ரத்து செய்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். மேடத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதன்பிறகு எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் நின்றுகொண்டு படம் பார்த்ததில்லை. 'மறுபடி ஒண்ணுலேர்ந்தாம்மா?' என்று மகள் பென்சில்களைச் சீவி வைத்தாள்.

மூன்று மாதம் கழித்துச் சலூன்காரர் மறுபரிசோதனைக்கு வந்தார். அவளுடைய புதுக் கணக்கில் அவர் இருபத்திரண்டாவது ஆள். கட்டிலில் ஏறிப் படுத்தார், வீக்கம் போயிருந்தது. நன்றாகப் பேசினார், மச்சினர் சலூனைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டதைச் சொல்லிச் சிரித்தார். அவள் ஜெல்லைத் தடவியதும் பேச்சு நின்றது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கழுத்து வலிக்குதாண்ணே?"

"இல்லைம்மா. உன் முகத்தைப் பார்க்க பயமா இருக்கு. டாக்டரே சொல்லட்டும்."

இடுப்பு மடிப்பிலிருந்து ஆரம்பித்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நேராக, மெதுவாக, முழுசாக அழுத்தினாள். தமனி வட்டமாகத் துடித்தது. சிரை ஈரத் துணிபோல மூடிக்கொண்டது. நம்பாமல் இன்னொரு தரம் அழுத்தினாள். மூடிக்கொண்டது. மூன்றாம் தரமும் மூடிக்கொண்டது. அறையில் அவள் முகத்தைப் பார்க்க யாரும் இல்லை, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அவள் சிரிக்கவில்லை. இரண்டு விரற்கடை கீழே இறங்கி, மறுபடி அழுத்தினாள்.